கரையில் நின்ற முதுகுகள்

ஹன்னே
1954, மார்ச் 9

பில்சுன் அக்காவுக்கு,

ஓக்புன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் மீதியையும் படித்துவிடுங்கள். உங்கள் விலாசத்தை நம்மூருக்கு வருகிற நெத்திலி வியாபாரியிடம் கெஞ்சி வாங்கினேன். பூசான் சந்தையில் உங்களுக்குக் கருவாட்டுக் கடை இருக்கிறது, அகதிகள் கூட்டத்துக்கு மேலே உங்கள் குரல் தனியாகக் கேட்கிறது என்று சொன்னார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி. கோசொங் வைத்தியர் அழுத்திப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். இலையுதிர்காலம் வரை தாங்கினால் பெரிய காரியம் என்கிறார். சோறு இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீர்கூடப் பாதி நேரம் வெளியே வந்துவிடுகிறது. இதைச் சொல்லி உங்கள் மனதை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் சொல்கிறேன்.

அவர் சாவதற்குப் பயப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். சபையின் தோளில் மலைமேல் இருக்கிற கல்லறைக்குப் போக வேண்டுமாம். அந்த ஏற்றம் உங்களுக்குத் தெரியும். பாடைக்குப் பன்னிரண்டு ஆளாவது வேண்டும், அதுவும் திடமான ஆள். எங்கள் பையன்கள் பாதிப்பேர் போரில் போய்விட்டார்கள். எங்கள் ஆண்பக்கத்துச் சபையில் எவ்வளவு தேடினாலும் ஆறு பேர் தேறுவார்கள், அதில் இரண்டு பேர் இருமிக்கொண்டே நடப்பவர்கள். வாலிபர்கள் என்று இருப்பதெல்லாம் பிரிந்துபோன உங்கள் பெண்பக்கத்துச் சபையில்தான். பாடை வைக்கிற குடிசையின் சாவியும் அவர்களிடம்தான்.

நம் ஆலயத்தை நினைத்தால் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் நடுவில் மூலை மடக்கி, ஒரு கை ஆணுக்கு, ஒரு கை பெண்ணுக்கு என்று கட்டினார்கள். இப்போது இரண்டு சபை ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க அது சௌகரியமாகப் போயிற்று. ஜப்பான்காரன் நம்மை ஆண்டபோது அவன் கோயிலுக்குத் தலை குனிந்தவர்கள் ஆண்பக்கம், குனியாதவர்கள் பெண்பக்கம். குனியாத கிழவர்கள் எல்லாம் பெண்பக்கத்துக்குக் குடியேறி, தாடியோடு உங்கள் பழைய பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூலையில் பிரசங்க பீடம் இருந்த இடத்தில் பலகை அடித்தாயிற்று. யாருக்கு ஆலயம் என்று வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது.

சபைக்கு வெளியே உள்ள ஊர்க்காரர்களைக் கேட்டால் தூக்குவார்கள். ஆனால் மணியடித்து, புலம்பல் பாடி, வழியெல்லாம் மதுவுக்கு நின்று நின்று போவார்கள். அவருக்கு அது வேண்டாம். "நான் முழங்கால் போட்ட சபை என்னைத் தூக்கட்டும். இல்லன்னா ஒரு பாயில சுத்தி நீயே இழுத்துட்டுப் போ" என்கிறார்.

பெண்பக்கத்தில் உங்கள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குனிய மாட்டேன் என்று ஜெயிலில் உயிரை விட்ட மா தோசொக் அத்தானின் மனைவி நீங்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை எழுதினால் போதும். தூக்குங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை.

ஓக்புன்

*

பூசான்
1954, ஏப்ரல் 2

ஓக்புன்,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உன் தலையில் பேன் பார்த்த கை இது. மரியாதை கொடுத்தால் காரியம் நடக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? அப்படி எழுதுவதானால் இனி எழுதாதே.

உன் புருஷனுக்கு நோவு என்று கேட்டுச் சந்தோஷப்படுகிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. கட்டி என்று படித்ததும் கடையில் இரண்டு பேருக்குத் தப்பாக நிறுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடியும். நீ கேட்கிறது என்னால் முடியாது.

தோள் கேட்கிறாய். தோளா? உன் அத்தானை ஜெயில்காரன் வைக்கோல் பாயில் சுற்றிக் கொடுத்தபோது எந்தச் சபையின் தோள் வந்தது? வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். ஓடைக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்த வண்டிக்காரன், போலீஸ்காரனைப் பார்த்ததும் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். மாட்டை நானே இழுத்தேன். கரைமேல் சபை நின்றது. வண்டியோடு போகிறவன் பெயரையும் பார்க்கிறவன் பெயரையும் எழுதிக்கொள்வேன் என்று போலீஸ்காரன் சொன்னானாம், அதனால் எல்லோரும் திரும்பி நின்றார்கள். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் வண்டி போனது, ஓக்புன். வரிசையாக முதுகுகள். ஒவ்வொரு முதுகும் யாருடையது என்று எனக்குத் தெரியும், அந்தச் சட்டைகளில் பாதிக்கு நான்தான் பஞ்சு வைத்துத் தைத்தேன். முதல் முதுகு மூப்பர் பியோ இன்ஹாவுடையது. உன் புருஷன், என் புருஷனோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

நீ அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தாய், வெளியே பூட்டியிருந்தது, தெரியும். அந்தப் பூட்டைப் பற்றி நீ எத்தனை தடவை சொன்னாய் என்பதும் தெரியும். ஜன்னலில் ஒட்டிய காகிதத்துக்கும் பூட்டுப் போட்டாரா உன் புருஷன்?

குனிந்ததைக்கூட விட்டுவிடுவேன். பயம் எல்லோருக்கும் உண்டு. ஜப்பான்காரன் போன பிறகாவது சபை முன்னால் எழுந்து நின்று, நான் தப்புச் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதும் சொல்லட்டும், தூக்க ஆள் நான் அனுப்புகிறேன்.

பில்சுன்

*

ஹன்னே
1954, மே 16

அக்கா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். அப்படி எழுதினால் என் கோபமும் சேர்ந்து வந்துவிடும், பரவாயில்லையா?

எழுந்து நிற்கட்டும் என்கிறாய். அக்கா, அவர் எழுந்து நின்றார். ஜப்பான்காரன் போன மறுவருஷம் ஆலய முற்றத்தில் நடந்த சபைக் கூட்டத்தில் நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய், உனக்குப் பின்னால் நடந்தது தெரியாது. எனக்குத் தெரியும். அவர் எழுந்து, "சகோதரரே, நான்" என்று ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். "நீங்க ஒருத்தர் ஒத்துக்கிட்டா நாங்க எல்லாரும் ஒத்துக்கணும். அப்புறம் ஆலயம் அவங்க கைக்குப் போயிடும், கொஞ்சம் யோசிங்க மூப்பரே" என்றார்கள். அவர் யோசித்தார். அன்றைக்கு யோசித்தவர் இன்றுவரை அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்று மத்தியானம்தான் நீ ஆலய வாசலில் நின்று பேசினாய். என்ன பேசினாய் என்று நான் எழுத மாட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது அவரால் எழுந்து நிற்க முடியாது. சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு ஜெபம் பண்ணுகிற நேரம் உட்காருவார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். முதுகு பற்றி எழுதியிருந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். கண்டுபிடித்துவிட்டார். "அதையும் படி. அக்கா சரியாத்தான் எழுதியிருப்பாங்க" என்றார். படித்தேன். முடித்ததும், "ஆலயத்துக்குப் பூட்டுப் போட்டுடக் கூடாதுன்னுதான் குனிஞ்சேன். இப்ப ஒரே ஆலயத்துக்கு ரெண்டு பூட்டு" என்றார். இனி அக்காவைத் தொந்தரவு பண்ணாதே என்றும் சொன்னார். அதனால்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். அவர்கள் பாட்டு ஆரம்பித்தால் நாங்கள் சத்தத்தைக் கூட்டுவோம், நாங்கள் கூட்டினால் அவர்கள் தரையைத் தட்டுவார்கள். போன வாரம் இரண்டு பக்கமும் ஒரே பாட்டை எடுத்துவிட்டோம். பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு சரணம் முழுக்க ஒன்றாகவே போனது. கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. உடனே எங்கள் போதகர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு வேறு பாட்டு எடுக்கச் சொன்னார். அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

நீ என்னைத் திட்டினதற்குப் பதில் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜன்னல் காகிதத்தைக் கிழித்தேன், அக்கா. தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை, அப்போது நான் நிறைமாசம். அந்தப் பிள்ளை தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் தங்கவில்லை என்று நீ கேட்டதே இல்லை.

ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது சபைக்கென்று பிடியரிசிப் பையில் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோமே, யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி. நான் உன் பெயரைத்தான் சொல்லி வைக்கிறேன். நீ போன நாளிலிருந்து. கோபமாக இருக்கும்போதும் உன் பெயர்தான். போர் நடந்தபோது வெறும் பார்லிதான் இருந்தது, அதிலும் வைத்தேன். அந்த அரிசியைத் தின்று எங்கள் போதகர் உன் பக்கத்தைத் திட்டுகிறார். நான் என்ன செய்யட்டும்?

ஓக்புன்

*

பூசான்
1954, ஜூன் 11

ஓக்புன்,

நிறைமாசம் என்பதை நான் கணக்குப் போடவே இல்லை. எத்தனையோ இரவுகள் அந்தக் கரையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன், பூட்டிய வீட்டுக்குள் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவமானமாக இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

பெண்பக்கத்துக்கு எழுதிவிட்டேன். அவர்கள் போதகருக்கு ஒன்று, உதவிக்காரர் கூவுக்கு ஒன்று. பியோ இன்ஹா சபையின் பிள்ளை, அவருக்குத் தோள் கொடுங்கள், கேட்பது தோசொக்கின் மனைவி என்று எழுதினேன். கூ சொன்னால் போதகரும் கேட்பார். கூ ஜெயிலில் உன் அத்தானோடு ஒரே அறையில் கிடந்தவர். தோசொக் போனார், அவர் திரும்பி வந்தார். என் பேச்சைத் தட்ட மாட்டார்.

நெத்திலி அனுப்பியிருக்கிறேன், நல்ல வெள்ளி நெத்திலி. தலையைக் கிள்ளிவிட்டு, கடற்பாசி ஒரு துண்டு போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீரை மட்டும் கொடு. மாப்பிள்ளைக்கு அது இறங்கும். உப்புப் போடாதே, நீ எப்போதும் கை தாராளமாகப் போடுவாய்.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவரிடம் போய்ச் சொல்லிவிடாதே. தோளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன், அவ்வளவுதான். மற்றது எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

பில்சுன்

*

ஹன்னே
1954, ஜூன் 27

அக்கா,

இறங்கியது. மூன்று வாய் குடித்தார், வெளியே வரவில்லை. யார் அனுப்பினது என்று கேட்டார். சொன்னேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை என்றா எழுதியிருக்கிறார்கள் என்று மறுபடி மறுபடி கேட்டார். அந்த வரியை நான் நான்கு தடவை படித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

பெண்பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. கூவின் மனைவியைக் கிணற்றடியில் பார்த்தேன். குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள்.

ஓக்புன்

*

பூசான்
1954, ஜூலை 20

ஓக்புன்,

கூ நேரில் வந்தார். கடிதத்தில் பதில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று பஸ் பிடித்து வந்தாராம். கூடை நிறைய உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். கடைக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார வைத்து நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வந்த காரியத்தைப் பேசவில்லை.

பிறகு சொன்னார். சத்தம் போடவில்லை, ஓக்புன். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"குனிஞ்ச முதுகைத் தொட்ட கை கர்த்தரோட பந்தியைத் தொடக் கூடாதுன்னு ஆலய வாசல்ல நின்னு சொன்னது நீங்கதாம்மா. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாங்க அத்தனை பேரும் வெளிய வந்தோம். ஞாயிறு பள்ளியில எங்க பிள்ளைங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அண்ணன் தம்பியை விட்டேன், சம்பந்தி வீட்டை விட்டேன். இப்ப நீங்களே அதை அழின்னா, நான் விட்டதெல்லாம் எதுக்கும்மா விட்டேன்?"

என்னிடம் பதில் இருந்தது. தோசொக் உயிரோடு இருந்தால் பியோவைத் தூக்க முதலில் அவர்தான் குனிந்திருப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த விரல்களை நீ பார்த்திருக்கிறாய், ஒன்றிலும் நகம் கிடையாது. ஜெயிலில் போனது திரும்ப முளைக்கவே இல்லை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு, திறந்த வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனேன்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். நானே வந்து பாடையில் கைவைத்தாலும் சபையிலிருந்து என் பெயரையும் நீக்கிவிடுவார்களாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதானாம்.

என் ஒரு நாள் கோபம் அது. புருஷனைப் புதைத்தவள் வயிற்றெரிச்சலில் வாசலில் நின்று கத்தினது. அதை வேதவசனம் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள். கோபப்பட்டவளே போதும் என்று சொன்னாலும் அவர்களால் விட முடியவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாளாகக் கடிதம் எழுதாமல் இருந்தேன். என்னால் தோள் வாங்கித் தர முடியவில்லை, ஓக்புன்.

பில்சுன்

*

ஹன்னே
1954, ஆகஸ்ட் 8

அக்கா,

நீ எழுதினதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் முகத்திலேயே படித்துவிட்டார். கூ மேல் கோபப்படாதே என்கிறார். "கூ பக்கத்துல நான் நின்னிருக்கணும். நான் நிக்காத இடத்தையும் சேர்த்து அவர் ஒருத்தரே நின்னுட்டிருக்கார். அதான் அப்படி விறைச்சுப் போயிட்டார்" என்றார்.

நேற்று எங்கள் போதகரும் மற்ற மூப்பர்களும் ஜெபிக்க வந்தார்கள். இவர் அவர்கள் முன்னால், சுவரில் சாய்ந்தபடியே சொல்லிவிட்டார். நான் குனிந்தேன், அது பாவம், தோசொக்கின் பிணத்துக்கு முதுகைக் காட்டினேன், அது அதைவிடப் பெரிய பாவம் என்று. இந்தத் தடவை சட்டையை இழுக்க யாருக்கும் துணிவு வரவில்லை, சாகப்போகிறவரின் சட்டை அல்லவா. ஆனால் போகும்போது வாசலில் மூப்பர் ஒருவர் என்னிடம் மெதுவாக, இதை வெளியே சொல்ல வேண்டாம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல வந்தது. அவர் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைத்து, விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையோடு அனுப்பிவிட்டேன்.

ஆக, நீ கேட்டது நடந்தது. அறைக்குள்தான், நாலு பேர் முன்னால்தான். அது போதுமா போதாதா என்று நீ சொல்ல வேண்டாம். தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். இப்போது மூச்சு இழுக்கிறது. நெத்திலித் தண்ணீரும் இறங்கவில்லை.

ஓக்புன்

*

தந்தி
கோசொங், 1954, ஆகஸ்ட் 19

இன்ஹா காலையில் போனார். நாளை மறுநாள் அடக்கம். ஓக்புன்.

*

தந்தி
பூசான், 1954, ஆகஸ்ட் 19

வருகிறேன். நான் வராமல் எடுக்காதே. பில்சுன்.

*

ஹன்னே
1954, செப்டம்பர் 14

அக்கா,

நீ பஸ் ஏறின பிறகு வீட்டுக்கு வந்து, நீ மடித்து வைத்திருந்த படுக்கையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். தோள் எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? இந்த வயசில் அந்தப் பாடைத் தண்டைத் தூக்கினாயே, சுக்கு அரைத்துப் போடு என்றால் கேட்டாயா?

ஊரில் இன்னும் அதே பேச்சுதான். பெண்பிள்ளை பாடை தூக்குவதை இந்த ஓடை பார்த்ததே இல்லை என்கிறார்கள். எங்கள் ஆறு பேரோடு நீயும் தூக்கி வந்தபோது, இருமுகிற கிழவரில் ஒருவர் நடுவழியில் உட்கார்ந்ததும் நீ என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்குத்தான் நானும் போய்த் தண்டுக்கு அடியில் நின்றேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் உன் குதிகால்தான். அதைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன். மலையடியில் யாரோ ஒரு பானைத் தண்ணீரும் சுரைக்குடுக்கையும் வைத்திருந்தார்கள். எல்லோரும் குடித்தோம். எங்கள் பக்கத்தில் விசாரித்துப் பார்த்தேன், நாங்கள் வைக்கவில்லை என்கிறார்கள்.

பாடைக் குடிசைச் சாவியை வாங்க நீ கூ வீட்டு வாசலில் நின்றபோது நான் வேலிக்குப் பின்னால்தான் இருந்தேன். அவர் வெளியே வரவே இல்லை, கதவைக் கொஞ்சமாகத் திறந்து செருப்புக் கழற்றுகிற கல்மேல் சாவியை வைத்துவிட்டு மூடிக்கொண்டார். நீ அந்த மூடின கதவுக்குத் தலை குனிந்துவிட்டு வந்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

கெட்ட செய்தி ஒன்று இருக்கிறது, என்னிடமிருந்தே கேட்டுக்கொள். போன ஞாயிறு பெண்பக்கத்தில் உன் பெயரை எழுந்து நின்று வாசித்து நீக்கிவிட்டார்கள். பலகை வழியாக எங்களுக்கே கேட்டது. நீ போகிற பூசான் சபைக்கும் எழுதிவிட்டார்களாம். வாசித்தது கூ. நடுவில் குரல் நின்றுபோய், வேறொருவர் முடித்தார். இங்கே ஆண்பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. என் பிடியரிசிப் பை நிறைந்து ஆணியில் தொங்குகிறது.

ஒன்று கேட்க வேண்டும். ஓடைக்கரையில் பெண்பக்கத்து ஆட்கள் வரிசையாகத் திரும்பி நின்றார்களே, அங்கே வந்ததும் நீ நின்றுவிட்டாய். நீ நின்றதால் பாடையும் நின்றுவிட்டது. மற்றவர்கள், பழையதை நினைத்துவிட்டாள், இப்போது சாபம் கொடுக்கப் போகிறாள் என்று பயந்தே போனார்கள். நீ அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாய். என்ன பார்த்தாய், அக்கா?

ஓக்புன்

*

பூசான்
1954, அக்டோபர் 12

ஓக்புன்,

தோள் வடிந்துவிட்டது. சுக்கும் அரைத்துப் போட்டேன், போதுமா?

பூசான் சபையில் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. திருவிருந்து அன்று தட்டு எனக்கு முன்னால் வந்து, நிற்காமல் அடுத்தவளிடம் போனது. கொடுத்தவள் என்னிடம் தினமும் கருவாடு வாங்குகிறவள். அவளுக்கு அழுகை. அவளுக்கு நான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நானும் நன்றாக அழுதேன். புருஷனைக் கொடுத்து வாங்கின இடம் அது, ஓக்புன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதே கரை, அதே வரிசை. அன்றைக்கு மாட்டுக் கயிறு என் கையில், இன்று தண்டு என் தோளில். மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே கூ நின்றார். சாபம் வாய் வரைக்கும் வந்தது உண்மைதான், உன் ஆட்கள் பயந்தது தப்பில்லை. அப்போதுதான் கூவின் கையைப் பார்த்தேன். பின்னால் கட்டியிருந்தார். நகமில்லாத அந்த விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன, ரத்தம் வரும்போல. முதுகு ஆடாமல் அப்படியே நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. அவருக்கு அடுத்தவரின் கையைப் பார்த்தேன். அதற்கு அடுத்தவர் சட்டை ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையும் சும்மா இல்லை.

அன்றைக்கு வண்டி போனபோது உன் வீட்டுக்காரர் கையை எங்கே வைத்திருந்தார், ஓக்புன்? நான் பார்க்கவே இல்லை. முதுகைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன், நான் போட்ட தையலைக்கூடப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று இப்போது படுகிறது. சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப்பேராவது சேர்ந்தே இருந்திருப்பார்கள். தம்பி என்று அவரைக் கூப்பிட்டு அதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

வியாபாரியிடம் ஒரு சின்ன மூட்டை கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். என் பிடியரிசி. இங்கே வாங்க மாட்டார்கள், அங்கே எந்தப் பக்கமும் வாங்காது. ஆணியில் தொங்குகிறதே உன் பை, அதையும் இதோடு கொட்டிக் கலந்து உலை வை. யாருக்கும் கொடுக்காதே, நீயே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடு. நீ இளைத்துப் போயிருக்கிறாய்.

உலை வைக்கும் முன்னால் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வை. கூவின் பெயரைச் சொல்லி வை. நான் தினமும் கரண்டியைக் கையில் எடுக்கிறேன், அந்தப் பெயர் இன்னும் என் வாயில் வரவில்லை.

அக்கா